ஜாவா ஆப்பை எங்கே ஓடவிடுவது: இடம் மாறி மாறிக் கற்றவை

ஜாவாவில் ஒரு வெப் அப்ளிகேஷனை எழுதி முடித்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இதை எங்கே ஹோஸ்ட் பண்ணலாம், எது மலிவு?" நான் நேராகப் பதில் சொல்வதில்லை, திருப்பிச் சில கேள்விகள் கேட்பேன். ஆப் டிஸ்கில் ஏதாவது ஃபைல் எழுதுகிறதா? லாகின் செஷனை (யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற குறிப்பை) எங்கே வைத்திருக்கிறது? இரவு ரிப்போர்ட், நினைவூட்டல் மெயில் மாதிரி நேரம் வைத்து ஓடும் வேலைகள் ஆப்புக்குள்ளேயே இருக்கின்றனவா? கூட்டமான நேரத்தில் மெமரி எவ்வளவு போகிறது? நடு இரவில் விழுந்தால் எழுந்து பார்க்கப்போவது யார்? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் இடம் பாதி முடிவான மாதிரிதான். விலைப்பட்டியலை அப்புறம் திறக்கலாம்.

ஜாவாவுக்கு மட்டும் ஏன் இத்தனை விசாரணை? பிஎச்பி என்ற இன்னொரு வெப் மொழியில் பொதுவாக ஒரு கோரிக்கை வந்தால் ஸ்கிரிப்ட் ஓடும், பதில் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால்தான் ஒரே சர்வரில் ஏராளமான தளங்களை அடைத்து மலிவாகத் தர முடிகிறது. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் (ஜாவா விர்ச்சுவல் மெஷின்) அப்படியில்லை. ஒருமுறை எழுந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கேஷ் (கைக்கெட்டும் தற்காலிகச் சேமிப்பு), டேட்டாபேஸ் இணைப்புகள், செஷன்கள், பின்னணித் திரெட்கள் (இணையாக ஓடும் வேலை இழைகள்) எல்லாவற்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும். யாருமே பயன்படுத்தாத நேரத்திலும் பிடித்த மெமரியை எளிதில் விடாது. நாம் தேடுவது வெறும் ஃபைல்களை வைக்க ஓர் இடமல்ல, நீண்ட நாள் வாழும் ஒரு பிராசஸுக்கான இடம்.

நான் பேசப்போகும் ஆப் சாதாரணமானது. விண்ணப்பங்களைப் பதிவேற்றலாம், சரிபார்க்கலாம், கடைசியில் பிடிஎஃப் கிடைக்கும். பகலில் கூட்டம், இரவில் ஆளே இருக்காது. குழுவும் சின்னது.

அது முதலில் இருந்தது ஒரு பகிர்வு டாம்கேட்டில், அதாவது ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர் மென்பொருளில். ஒரே ஜேவிஎம்முக்குள் வேறு சிலருடைய ஆப்களும் இருந்தன. வார் ஃபைலை (முழு ஆப்பையும் அடக்கிய தொகுப்பை) வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால் டாம்கேட் தானே விரித்து ஓடவிடும், அதுவரை வசதிதான். பக்கத்து ஆப் மெமரியைத் தின்றால் எங்களுடையதும் சேர்ந்து திணறும். அவர்களுக்காக டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் எங்கள் பயனர்களும் பாதி வேலையில் நிற்பார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. புது வார் போடும்போது பழைய ஆப்பின் கிளாஸ்லோடர் (ஆப்பின் நிரலை மெமரியில் ஏற்றி வைக்கும் பகுதி) பல நேரங்களில் முழுதாக விடுபடாது. துடைக்காமல் விட்ட த்ரெட்லோக்கலோ (ஒரு திரெட்டுக்கென்று வைத்த தரவு), பதிவு நீக்காத ஜேடிபிசி டிரைவரோ (டேட்டாபேஸோடு பேசும் பகுதி), நிறுத்தாத டைமர் திரெட்டோ அதைப் பிடித்து வைத்திருக்கும். ஜாவா 7 வரை இது பெர்ம்ஜென் (கிளாஸ் தகவல்களுக்கான மெமரிப் பகுதி) நிரம்பிய பிழையாகக் கண்ணில் படும். ஜாவா 8-இல் பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தார்கள். அதற்கு நாமாக வரம்பு வைக்காவிட்டால் உச்சவரம்பு கிடையாது. அதனால் கசிவு போய்விட்ட மாதிரி தோன்றும், சர்வரின் மெமரி மட்டும் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (புதுப் பதிப்பை ஏற்றும்போதும்) கொஞ்சம் கரையும். ஆப்பை மாற்றும்போதெல்லாம் ஜேவிஎம்மையே ரீஸ்டார்ட் செய்வதுதான் உறுதியான தீர்வு. பகிர்வு சர்வரில் அந்த உரிமை நம் கையில் இல்லை.

எனவே என் முதல் விதி: ஒரு ஆப்புக்கு ஒரு ஜேவிஎம். 2014-இல் ஸ்பிரிங் பூட் 1.0 (ஜாவா ஆப்களை எழுத உதவும் கட்டமைப்பு) வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. டாம்கேட்டே ஜார் என்ற ஜாவா தொகுப்பு ஃபைலுக்குள் அடக்கம், ஜாவா மட்டும் இருந்தால் ஒரே கட்டளையில் ஓடும். நம் கணினியில் ஓடிய அதே டாம்கேட் பதிப்புதான் சர்வரிலும் ஓடும் என்பதே பாதி நிம்மதி.

வார் ஃபைல் செத்துப்போய்விட்டது என்று சொல்லவில்லை. உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே வைல்ட்ஃப்ளை, வெப்லாஜிக் மாதிரி ஒரு ஆப் சர்வரைப் பராமரிக்க ஒரு குழு இருந்தால் அங்கேயே போடுங்கள், அவர்களுடைய அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. தனியாக டாம்கேட் நிறுவுவதானால் பதிப்பை மட்டும் கவனியுங்கள். ஆரக்கிள் ஜாவா ஈஈயை (நிறுவன ஆப்களுக்கான ஜாவா தரவிதிகளை) எக்ளிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பிறகு அது ஜக்கார்த்தா ஈஈ ஆனது. பேக்கேஜ் பெயர்களும் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜக்கார்த்தாவுக்கு மாறின. டாம்கேட் 9 பழைய பெயர்களைத்தான் அறியும், டாம்கேட் 10 புதியவற்றை மட்டும். பழைய ஸ்பிரிங் வார் ஒன்றை டாம்கேட் 10-இல் போட்டால் பெரும்பாலும் பிழை எதுவும் வராது. லாகில் (ஆப் எழுதும் பதிவுக் குறிப்பில்) எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரியே இருக்கும், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 404 (பக்கம் இல்லை). அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளப் பொருத்தமான பிரச்சினை! ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17-உம் ஜக்கார்த்தா பெயர்களும் கட்டாயம், அதனால் 2-இலிருந்து தாவும்போது வெளியே இருக்கும் டாம்கேட்டும் கூடவே மாற வேண்டும்.

அடுத்து நாங்கள் போனது ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு (பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் தனிக் கணினி). ஒரு லினக்ஸ், ஒரு ஜார், சிஸ்டம்டி சர்வீஸ் (ஆப்பைத் தொடங்கி நிறுத்தும் லினக்ஸ் வசதி), முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் வெப் சர்வர்). இன்றைக்கும் யாராவது ஒரே வரியில் பரிந்துரை கேட்டால் இதைத்தான் சொல்வேன். அலங்காரம் கிடையாது, ஆனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் உள்ளே போய்க் கண்ணால் பார்க்க முடியும். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதை ஒழுங்காக அமைப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. ஆப்பை ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகியாக) ஓட்ட வேண்டாம். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுக்கு (இணைப்பு வாசல் எண்ணுக்கு) ரூட் உரிமை வேண்டுமே என்றால், அதற்குத்தான் என்ஜின்எக்ஸ். அது 443-இல் நிற்கட்டும், ஆப் தனக்கென்று ஒரு தனிப் பயனரில் 8080-இல் ஓடட்டும், 8080 வெளியுலகுக்குத் திறந்திருக்க வேண்டியதே இல்லை. சிஸ்டம்டி சர்வீஸை நிறுத்தும்போது ஜேவிஎம் 143 என்ற எண்ணுடன் வெளியேறும், 128-உடன் நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலின் 15-ஐச் சேர்த்தது அது. அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி யூனிட் ஃபைலில் (அந்தச் சர்வீஸின் அமைப்பு ஃபைலில்) ஒரு வரி எழுதாவிட்டால், ஒழுங்காக நிறுத்தியதையும் தோல்வி என்று சிவப்பில் காட்டும்.

என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றதும் வேறு சில வேடிக்கைகள் தொடங்கும். ஆப்புக்கு எல்லாக் கோரிக்கையும் 127.0.0.1-இலிருந்து (அதே மெஷினிலிருந்து) வருவதாகத் தெரியும். வெளியே எச்டிடிபிஎஸ் என்பதும் அதற்குத் தெரியாது, லாகின் முடிந்ததும் எச்டிடிபி முகவரிக்குத் திருப்பிவிடும். எக்ஸ்-ஃபார்வர்டட் தலைப்புகளை (உண்மையான முகவரியைச் சொல்லும் குறிப்புகளை) என்ஜின்எக்ஸ் அனுப்ப வேண்டும், ஆப்பும் அவற்றை நம்பும்படி அமைக்க வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் செய்தால் பயனில்லை. பதிவேற்றம் உள்ள ஆப் என்றால் என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பிதான், அதைத் தாண்டினால் 413 என்ற பிழை எண் வரும், கோரிக்கை ஜாவா வரைக்கும் போகவே போகாது. 502 வந்தால் பின்னால் ஆப் எழவில்லை அல்லது செத்துவிட்டது என்று ஆரம்பியுங்கள். 504 வந்தால் உயிரோடு இருக்கிறது, 60 நொடிக்குள் பதில் தரவில்லை. லாகைத் திறக்கும் முன்பே இந்த எண்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எங்களை மிகவும் குழப்பியது வேறொன்று. சர்வர் பல நாள் நன்றாக ஓடும், திடீரென்று பதிவேற்றம் மட்டும் வேலை செய்யாது, மற்ற எல்லாமே சரியாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், சில நாள் கழித்து மறுபடி. பதிவேற்றும் ஃபைல்களைத் தற்காலிகமாக வைக்க ஜாருக்குள் இருக்கும் டாம்கேட் டெம்ப் ஃபோல்டரில் ஓர் இடம் உண்டாக்கிக்கொள்ளும். சில லினக்ஸ் வகைகளில் 10 நாளாகத் தொடப்படாத டெம்ப் ஃபைல்களைச் சிஸ்டம்டி தானாகவே துப்புரவு செய்யும். யாரும் பதிவேற்றாத ஒரு நீண்ட விடுமுறை வந்தால் அந்த ஃபோல்டரே போய்விடும். டாம்கேட்டுக்கென்று ஒரு நிலையான தற்காலிக ஃபோல்டரை அமைப்பில் குறிப்பிட்டதும் பிரச்சினை தீர்ந்தது. வாரக்கணக்கில் வாழும் பிராசஸுக்கும், குப்பையைத் தொடர்ந்து கூட்டும் இயங்குதளத்துக்கும் இடையிலான உரசல் இது. இதை எந்த விலைப்பட்டியலிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

இனி மெமரி. ஜாவா ஹோஸ்டிங்கில் பணம் போவதும் இதில்தான், தூக்கம் போவதும் இதில்தான்.

எக்ஸ்எம்எக்ஸ் என்று நாம் கொடுக்கும் எண் ஹீப்புக்கு (ஆப்பின் ஆப்ஜெக்ட்கள் வாழும் மெமரிக்கு) மட்டுமானது, ஜேவிஎம் எடுக்கும் மொத்த மெமரி அதுவல்ல. மெட்டாஸ்பேஸ், ஜிட் (ஓடும்போதே தொகுக்கும் கம்பைலர்) தொகுத்து வைக்கும் கோட் கேஷ், ஹீப்புக்கு வெளியே உள்ள டைரக்ட் பஃபர்கள், தேவையற்ற மெமரியை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரின் சொந்தக் கணக்குகள், ஒவ்வொரு திரெட்டின் ஸ்டாக் எல்லாம் அதற்கு மேலே. 64 பிட் லினக்ஸில் ஒரு திரெட் ஸ்டாக்கின் இயல்பு அளவு 1 எம்பி. டாம்கேட் இயல்பாக 200 வேலைத் திரெட்கள் வரை போகும். ஒதுக்கிய ஸ்டாக் முழுவதும் உடனே பயன்படுத்தப்படாது என்பது உண்மைதான், ஆனாலும் கணக்கில் வைக்க வேண்டிய தொகை. 1 ஜிபி மெஷினில் எக்ஸ்எம்எக்ஸ்ஸை 900 எம்பி என்று வைத்தால் என்ன ஆகும்? சிறிது நாள் ஓடும். கூட்டமான ஒரு நாளில் லினக்ஸ் கர்னல் ஜேவிஎம்மைக் கொன்றுவிடும். ஜாவா லாகில் ஒரு வரிகூட இருக்காது, அவுட்ஆஃப்மெமரி பிழையும் வராது, ஏனென்றால் சாவது ஜாவாவுக்கே தெரியாமல் நடக்கிறது. லாக் பாதி வரியில் நின்றிருந்தால் முதலில் கர்னல் லாகைப் பாருங்கள். சின்ன ஆப்களுக்கு மெஷினின் மெமரியில் ஏறத்தாழ பாதியை ஹீப்புக்குக் கொடுத்துத் தொடங்கி, சில நாள் அளந்து பார்த்து உயர்த்துவது என் வழக்கம். ஹீப் டம்பை (ஹீப்பின் முழு நகலை) எடுத்து வைக்கும் விருப்பத்தையும் முதல் நாளே போட்டுவிடுவேன், டம்ப் எழுத டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கன்டெய்னருக்குள் (ஆப்பைத் தேவையானவற்றோடு அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) இதே கதை வேறு வேடத்தில் வரும். பழைய ஜேவிஎம்களுக்குக் கன்டெய்னரின் மெமரி வரம்பு கண்ணில் படாது, முழு மெஷினின் மெமரியைப் பார்த்து அதில் கால் பங்கை ஹீப்பாக எடுக்கப் பார்க்கும். 512 எம்பி வரம்புள்ள கன்டெய்னர் 64 ஜிபி மெஷினில் ஓடினால் முடிவு தெரிந்ததே. ஜாவா 10-இல் கன்டெய்னர் ஆதரவு சேர்ந்தது, ஜாவா 8-க்கும் 191-ஆவது அப்டேட்டில் கொண்டுவந்தார்கள். இப்போது பிரச்சினை எதிர்த் திசையில். வரம்பைச் சரியாகப் பார்க்கிறது, ஆனால் பெரிய கன்டெய்னர்களில் இயல்பாக அதில் 25 சதவீதம்தான் ஹீப். 2 ஜிபிக்குப் பணம் கட்டிவிட்டு ஆப் 512 எம்பியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மேக்ஸ்ராம்பெர்சன்டேஜ் விருப்பத்தை 60, 70 என்று உயர்த்தி அளந்து பாருங்கள். 137 என்ற எண்ணுடன் கன்டெய்னர் செத்திருந்தால் உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL) சிக்னலை வாங்கியிருக்கிறது, பெரும்பாலும் மெமரிதான் காரணம். இன்னொன்று: இரண்டு சிபியுவும் ஏறக்குறைய 2 ஜிபியும் தெரியாவிட்டால் ஜேவிஎம் பல பதிப்புகளில் ஜி1 என்ற கார்பேஜ் கலெக்டரை விட்டுவிட்டு சீரியல் கலெக்டரைத் தேர்ந்துகொள்ளும். சின்ன ஹீப்புக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் கணினியில் அளந்ததும் அங்கே அளப்பதும் ஒன்றல்ல என்பது ஞாபகம் இருக்கட்டும்.

விர்ச்சுவல் மெஷினுக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் கொஞ்ச காலம் ஒரு பிளாட்ஃபார்ம் சேவையில் இருந்தோம். நிரலைத் தள்ளினால் அதுவே தொகுத்து ஓடவிடும் வகை. லினக்ஸ் அப்டேட், சான்றிதழ் புதுப்பிப்பு, லாக் சுழற்சி எல்லாம் நம் தலையிலிருந்து இறங்கிவிடும். பராமரிக்க ஆளில்லாத குழுவுக்கு இது கொடுக்கும் காசுக்குத் தகுந்ததுதான். ஆனால் முதல் பத்தியில் கேட்ட கேள்விகள் எல்லாம் இங்கேதான் பல்லைக் காட்டும். இந்த வகைச் சேவைகளில் டிஸ்க் பெரும்பாலும் தற்காலிகமானது. ஹெரோக்கு என்ற சேவையில் ஒவ்வொரு டைனோவும் (ஆப் ஓடும் கன்டெய்னர்) தினம் ஒருமுறையாவது புதிதாக எழும், அதில் எழுதிய ஃபைல்கள் போய்விடும். அதனால் பதிவேற்றங்களை எஸ்3 மாதிரி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (ஃபைல்களை ஆப்புக்கு வெளியே வைக்கும் சேவைக்கு) மாற்றினோம். அந்த ஒரு மாற்றம் அதற்குப் பிறகு வந்த எல்லா இடமாற்றத்தையும் சுலபமாக்கியது. எங்கே ஹோஸ்ட் செய்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள் என்பேன்.

நேர வரம்புகளும் உண்டு. ஹெரோக்குவில் ஆப் 60 நொடிக்குள் போர்ட்டைப் பிடிக்க வேண்டும், கோரிக்கைக்கு 30 நொடிக்குள் பதில் தொடங்க வேண்டும். நாங்கள் இருந்த இடத்திலும் இதுபோன்ற வரம்புகள் இருந்தன. பெரிய பிடிஎஃப்கள் அதைத் தாண்டின. கோரிக்கை வந்ததும் "வேலை ஏற்கப்பட்டது" என்று பதில் சொல்லிவிட்டுப் பின்னணியில் பிடிஎஃப் செய்யும்படி மாற்றியதில் பயனர்களுக்கும் சந்தோஷம்தான். தூங்கவைக்கும் மலிவுத் திட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை: கோரிக்கை வராத நேரத்தில் ஆப் தூங்கினால் ஆப்புக்குள் நேரம் வைத்து ஓடும் வேலையும் தூங்கும். இரவு 2 மணி ரிப்போர்ட் வராததற்குக் காரணம் தேடி நிரலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இலவசத் திட்டத்தை நம்பிக் கட்டவும் வேண்டாம். ஹெரோக்குவே 2022 நவம்பரில் இலவச டைனோக்களை நிறுத்திவிட்டது.

ஆப்பை ஒரு நகலிலிருந்து இரண்டு நகலாக ஓட்டுவது வெளியே பார்க்கச் சின்ன வேலை, ஒரு எண்ணை மாற்றினால் போதும். உள்ளே, ஒரே ஜேவிஎம் என்று நம்பி எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படும். மெமரியில் இருந்த செஷன் அடுத்த நகலுக்குத் தெரியாது, பயனர் ஒரு கிளிக்கில் உள்ளே இருப்பார், மறு கிளிக்கில் வெளியே. ஸ்டிக்கி செஷன் (ஒரு பயனரை எப்போதும் ஒரே நகலுக்கு அனுப்புவது) தற்காலிக ஒட்டுதான், டிப்ளாய் ஆகும்போது அதுவும் அறும். செஷனை ரெடிஸிலோ (மெமரியில் தரவை வைக்கும் வேகமான சேமிப்பு) டேட்டாபேஸிலோ வையுங்கள். நேர வேலைகள் இரண்டு இடத்திலும் ஓடி, ஒரே நினைவூட்டல் மெயில் இரண்டு தடவை போகும், டேட்டாபேஸில் ஒரு பூட்டு வைத்து ஒருவர் மட்டும் ஓடும்படி செய்ய வேண்டும். ஷெட்லாக் இதற்கென்றே உள்ள லைப்ரரி. இணைப்புகளையும் எண்ணிப்பாருங்கள். டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்து வைத்துத் தரும் ஹிகாரிசிபியின் இயல்பு பூல் 10 இணைப்பு, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் இயல்பு மொத்த வரம்பு 100. பூலை 30 என்று உயர்த்தி மூன்று நகல் ஓட்டினால் 90. டிப்ளாய் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் அந்தச் சில நிமிடங்களில் புது நகல் எழவே எழாது, இணைப்பு இல்லை என்று செத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ஆப்களுக்கு 10 தாராளம்.

குபர்நெட்டிஸ் (பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) வேண்டுமா என்று கேட்பவர்களிடம், "உங்களிடம் எத்தனை சர்வீஸ் இருக்கிறது?" என்று கேட்பேன். ஒன்றோ இரண்டோ என்றால் வேண்டாம். நிர்வகிக்கப்பட்ட கன்டெய்னர் சேவை ஒன்றே போதும். சர்வர்லெஸ் (கோரிக்கை வரும்போது மட்டும் ஓடும் முறை) பக்கமும் ஜாவாவுக்கு முன்புபோல் மூடிய கதவில்லை. அமேசானின் லாம்ப்டாவில் 2022-இல் ஆப்பை வேகமாக எழுப்பும் ஸ்நாப்ஸ்டார்ட் வந்தது, கிரால்விஎம் நேட்டிவ் இமேஜில் (முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிய வடிவில்) ஆப் நொடிக்கும் குறைவான நேரத்தில் எழும். பதிலுக்கு பில்ட் நிமிடக்கணக்கில் இழுக்கும், ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போது கிளாஸ்களைத் தேடிப் பயன்படுத்துவதை) நம்பும் லைப்ரரிகளுக்கு முன்கூட்டியே தகவல் எழுதித் தர வேண்டும். எப்போதாவது வரும் சின்ன வேலைகளுக்கு நல்லது, எங்களுடைய ஆப் மாதிரி பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு அவசியமில்லை.

டிப்ளாய் முறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாரை ஒரே தடவை பில்ட் செய்யுங்கள். சோதனைச் சர்வரில் ஓடிய அதே ஃபைல்தான் பயன்பாட்டுக்கும் போக வேண்டும், வேறுபடுவது சூழல் மாறிகள் மட்டும். பழைய ஜாரை அழிக்காமல் பதிப்புப் பெயரோடு வைத்திருந்தால் பின்வாங்குவது ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி ஃபைல்) மாற்றமும் ரீஸ்டார்ட்டும்தான். ஆனால் டேட்டாபேஸ் பின்வாங்காது. ஃப்ளைவே (டேட்டாபேஸ் மாற்றங்களை ஏற்றும் கருவி) வழியாக ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டால் பழைய ஜார் அதில் ஓடாது. முதல் வெளியீட்டில் புது நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், பழையதை எடுப்பது அடுத்தடுத்த வெளியீடுகளில். நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகளை முடிக்க அவகாசம் தரும் அமைப்பு ஸ்பிரிங் பூட் 2.3-இலிருந்து இருக்கிறது. டாக்கரில் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) அது வேலை செய்ய, சிக்னல் ஜேவிஎம்முக்குப் போய்ச் சேர வேண்டும். என்ட்ரிபாயிண்டை (தொடக்கக் கட்டளையை) ஷெல் வடிவில் எழுதினால் சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும், 10 நொடி கழித்து டாக்கர் கொன்றுவிடும். அடைப்புக்குறிக்குள் பட்டியலாக எழுதும் வடிவைப் பயன்படுத்துங்கள்.

ஸ்பிரிங் பூட்டின் ஆக்சுவேட்டரை (ஆப்பின் உள்நிலையைக் காட்டும் முகவரிகளை) வெளியே திறந்து வைக்காதீர்கள். ஹெல்த் மட்டும் போதும். ஹீப் டம்ப் முகவரி வெளியே தெரிந்தால் மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே டவுன்லோடில் போய்விடும்.

அந்த ஆப் இப்போது ஒரு நிர்வகிக்கப்பட்ட கன்டெய்னர் சேவையில் இரண்டு நகலாக ஓடுகிறது, டேட்டாபேஸும் நிர்வகிக்கப்பட்டதே. கன்டெய்னரில் கடிகாரம் இயல்பாக யுடிசி (உலகப் பொது நேரம்) என்பதால் நேர வேலைகளுக்கு நேர மண்டலத்தை வெளிப்படையாக எழுதியிருக்கிறோம். கடைசி இடமாற்றத்துக்குச் சில நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை (நம் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறைத்தோம், மாற்றிய பிறகும் பழைய சர்வரை உடனே அணைக்கவில்லை. அதன் என்ஜின்எக்ஸ் வரும் கோரிக்கைகளைப் புது முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. உலாவிகள் சீக்கிரமே புது இடத்துக்கு வந்துவிட்டன. பல நாள் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது எங்களை அழைக்கும் இன்னொரு ஜாவா சர்வீஸ். பழைய ஜாவா பதிப்புகளில் செக்யூரிட்டி மேனேஜர் (நிரலின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் வசதி) போட்டு ஓடும் ஜேவிஎம் ஒருமுறை கண்டுபிடித்த ஐபியை இயல்பாக மறப்பதே இல்லை. அதை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, பழைய சர்வரின் லாகில் ஒரு முழு நாள் எதுவும் வராததைப் பார்த்த பிறகுதான் அந்த மெஷினை விட்டோம்.